வான் ரீனன் கணவாயில் ஒரு தகரக் கூரை

2024 செப்டம்பர் 21, புரட்டாசி முதல் சனிக்கிழமை. பெருமாளுக்கு விளக்கேற்ற விடியற்காலையில் எழுந்தபோது, முந்தின நாள் முழுவதும் தகரக் கூரையில் படபடவென்று விழுந்துகொண்டிருந்த மழையின் ஓசை அறவே அடங்கியிருந்தது. மழை விட்டுவிட்டது என்று நிம்மதியாக அடுப்படிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். சன்னல் திரையை விலக்கிப் பார்த்தால் தோட்டமும் இல்லை, வேலியும் இல்லை, வாசலில் நின்ற வண்டியும் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை மேடாகக் கிடந்தன. அதை வியந்து பார்த்து முடிப்பதற்குள் வீட்டின் தென்புறத்திலிருந்து, பாரம் தாங்காத மாட்டுவண்டியின் அச்சு முனகுவதைப் போன்ற நீண்ட ஓசை ஒன்று கேட்டது. "வெளியே போகாதே" என்று என் கணவர் கத்தியதும், பின்பக்க வராந்தாவின் கூரை மரச்சட்டங்களோடு சரிந்து தரையில் அமர்ந்ததும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன. யாருக்கும் அடிபடவில்லை. சலவை இயந்திரமும் இரண்டு நாற்காலிகளும் நான்கு துளசித் தொட்டிகளும் போயின.

அன்று தென்னாப்பிரிக்காவின் என்3 நெடுஞ்சாலையில் லாரிகளும் கார்களும் பனியில் சிக்கி இரவெல்லாம் நின்றதைச் செய்திகளில் பலரும் பார்த்திருப்பீர்கள். நான் எழுத வந்தது கூரையைப் பற்றி மட்டும். கடந்த ஏழு மாதங்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இருந்ததில்லை என்பதால், கற்றுக்கொண்டதை ஓரிடத்தில் எழுதி வைத்தால் குளிர்ப் பக்கத்துக்குக் குடிபெயர்ந்துவரும் நம்மவர் எவருக்கேனும் பயன்படும் என்று தோன்றியது.

நாங்கள் கடலோரத்து மனிதர்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்து, பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, என் கணவரின் மூட்டுவலிக்குக் கடற்காற்றின் ஈரம் ஆகவில்லை என்பதால், வான் ரீனன் கணவாயை ஒட்டிய ஒரு பழைய வீட்டை வாங்கி இங்கே வந்தோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம். 1860இல் கரும்புத் தோட்டங்களுக்காக நம் முன்னோர் இறங்கிய கரையில் உறைபனி என்பதே அரிது. ஆகவே ஓலைக்கூரையைப் பற்றியும், ஓட்டுக்கூரையைப் பற்றியும், புயல் காற்றைப் பற்றியும் எங்கள் பாட்டிமார் சொல்லிவைத்ததில் பனியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இருந்திருக்கவும் வழியில்லை. கணவாயின் மேல் முனைக்கு அப்பால் ஃப்ரீ ஸ்டேட் தொடங்குகிறது. அந்த மாநிலத்தில் இந்தியர் குடியிருக்கக் கூடாது என்று 1891இல் இயற்றிய சட்டம் 1986 வரை நடைமுறையில் இருந்தது. டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிச்சென்ற என் தந்தையார், குளிர்காலத்தில் ஹாரிஸ்மித் வழியாக லாரியை நிறுத்தாமல் ஓட்டிப்போவார். அந்த ஊர் வீடுகளின் கூரை ஏன் அவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே அவருக்கு ஒரு திண்ணை கிடைத்ததில்லை.

எனவே நாங்கள் மூவரிடமிருந்து பாடம் கற்றோம். ஒருவர், இந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளுக்கு நாற்பது ஆண்டுகளாகக் கூரை போட்டுவரும் ஜூலு தச்சர். வயதில் மூத்தவர், நாங்கள் அவரைப் பாபா என்போம், அவர் என்னை மா என்பார். இன்னொருவர் டொரொன்டோவில் வாழும் எங்கள் சம்பந்தி. யாழ்ப்பாணத்திலிருந்து போய் முப்பது குளிர்காலங்களைப் பார்த்தவர். மூன்றாவது ஆசிரியர் இடிந்து விழுந்த வராந்தாவேதான்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்றல் என்றால் நமக்கு இளவேனிலின் இனிமை. வாடை என்றால் வடக்கிலிருந்து வந்து எலும்பைத் துளைக்கும் குளிர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்துவிட்டால் இவ்விரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. தென்மேற்கிலிருந்து வரும் காற்றுதான் துருவத்துக் குளிரைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அதற்கு ஓரிரு நாள் முன்னதாக மலையிலிருந்து இறங்கும் வடமேற்குக் காற்று சூடாகவும் வறட்சியாகவும் அடிக்கும்; பெர்க் காற்று என்பார்கள். குளிர்காலத்தின் நடுவில் திடீரென்று ஒருநாள் ஸ்வெட்டரைக் கழற்றிப்போடும் அளவுக்கு வெப்பம் வந்தால், துணி உலர்த்த நல்ல நாள் என்று மகிழ்வதை விட்டுவிட்டு, ஏணியை எடுத்து, மழைநீர் வடியும் கூரை ஓரத்துக் கட்டரில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நாள் அது என்று இப்போது புரிந்திருக்கிறது. பெரிய பனிப்பொழிவுகள் பெரும்பாலும், மேல்வளிமண்டலத்தில் முதன்மைக் காற்றோட்டத்திலிருந்து அறுபட்டு ஓரிடத்திலேயே சுழலும் தாழ்வழுத்தத்தால் வருகின்றன. கீழே கடலோரத்தில் அது வெறும் மழை. மேலே எங்களுக்குப் பனி. ஆனி, ஆடிதான் குளிரின் உச்சம் என்றாலும், வசந்தம் தொடங்கிவிட்டது என்று நாம் சோம்பியிருக்கும் புரட்டாசியில்தான் ஈரம் மிகுந்த கனத்த பனி விழுந்தது.

கனம் என்று சொன்னேன்; அதை அளந்தே பார்த்தோம். புதுப்பனி பஞ்சுபோல் இருக்கும், ஒரு கன மீட்டர் ஐம்பது, நூறு கிலோதான் இருக்கும் என்று படித்திருந்த என் கணவர், இவ்வளவு மெல்லிய பொருளா கூரையைச் சாய்த்தது என்று நம்பவில்லை. செங்குத்தான பக்கங்கள் கொண்ட ஒரு பால்மாவு டப்பாவைத் திறந்த பக்கம் கீழாகத் தோட்டத்துப் பனியில் அழுத்தி, உள்ளே புகுந்த பனியை முழுவதும் எடுத்து அடுப்பருகே வைத்து உருக்கினோம். தோட்டத்தில் பனியின் ஆழம் 38 சென்டிமீட்டர் இருந்தது. உருகிய நீர் அதே டப்பாவில் 9 சென்டிமீட்டர் நின்றது. ஒரு சென்டிமீட்டர் நீர் என்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ. அப்படியானால் எங்கள் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 90 கிலோ. வராந்தாவின் நீளம் 7 மீட்டர், அகலம் 3 மீட்டர். 21 சதுர மீட்டரில் 1,890 கிலோ. அதாவது ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் 38, ஒரே இரவில் மெல்லிய சட்டங்களின் மேல் ஏற்றப்பட்டிருக்கின்றன. பனியின் ஆழத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது அந்த டப்பாவில் தெரிந்தது. ஒரே ஆழமுள்ள காய்ந்த பனிக்கும் ஈரப் பனிக்கும் எடையில் மூன்று, நான்கு மடங்கு வேறுபாடு உண்டு. ஏற்கெனவே கிடக்கும் பனியின் மேல் மழையும் பெய்தால் அது நீரை உறிஞ்சி இன்னும் கனக்கும்.

இருந்தாலும் அந்த 1,890 கிலோவைக்கூட வராந்தா இரவு முழுவதும் தாங்கித்தான் நின்றது. அதைச் சாய்த்தது வேறொன்று. எங்கள் வீட்டின் பழைய பகுதிக்கு 30 பாகைச் சரிவுள்ள நெளிதகரக் கூரை. முந்தைய உரிமையாளர் பின்னாளில், அந்தக் கூரையின் இறவாரத்துக்குக் கீழே சுவரோடு ஒட்டி, ஏறத்தாழ 5 பாகையே சாய்ந்த வராந்தாக் கூரையைச் சேர்த்திருந்தார். நான் அடுப்பைப் பற்றவைத்ததும் உள்ளே எழுந்த வெப்பம் மேற்கூரையின் தகட்டைத் தொட்டிருக்கும். பனிக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் உண்டானதும், வழுவழுப்பான தகரத்தில் அந்தச் சரிவின் பனி முழுவதும் பாளமாக வழுக்கிக் கீழ்க்கூரையின் மேல் விழுந்துவிட்டது. மேற்கூரையின் அந்தப் பகுதி 28 சதுர மீட்டர். அதில் பாதிப் பனி சரிந்திருந்தாலும் வராந்தாவின் சுமை மூன்று டன்னைத் தாண்டியிருக்கும். அதுவும் மெல்ல ஏறிய சுமையாக இல்லாமல் ஒரே அடியாக விழுந்த சுமை. இடிபாட்டைப் பார்க்க வந்த பாபா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மேல்கூரையும் கீழ்க்கூரையும் ஒரே சுவரில் சேருகிற இடத்தில்தான் நான் எப்போதும் முதலில் ஏணி வைப்பேன், மா" என்றார்.

அவர் சொன்ன இன்னொன்று, வீட்டைத் திசை பார்த்து வாங்கியும் நாங்கள் கவனிக்கத் தவறியது. இங்கே சூரியன் வடவானத்தில் செல்கிறது. எங்கள் அட்சரேகையில் ஜூன் மாதக் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியனே 38 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. 30 பாகை சாய்ந்த தென்சரிவின் மேல் அந்த வெயில் உரசிக்கொண்டுதான் போகும். வடசரிவில் விழுந்த பனி பத்து மணிக்கெல்லாம் சொட்டத் தொடங்கும்போது, தென்சரிவில் மூன்று நாளானாலும் கிடக்கும். வெளிநாட்டுக் கூரை அறிவுரைகளைப் படிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வடபுறத்தைக் கவனியுங்கள் என்று அவர்கள் எழுதுவதெல்லாம் நமக்குத் தென்புறம்.

இடிந்த இரண்டாம் நாள் சம்பந்தியிடமிருந்து அழைப்பு வந்தது. "சம்பந்தியம்மா, கூரை விளிம்பிலே பனி ஈட்டி மாதிரித் தொங்குதோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கனடாவில் வீட்டுக்குள் மாதக்கணக்கில் கணப்பு எரியும். அந்த வெப்பம் சீலிங்கின் இடுக்குகள் வழியாக மேலேறி, கூரையின் நடுப்பகுதியைச் சூடாக்கி, பனியை அடியிலிருந்து உருக்குகிறது. உருகிய நீர் பனிப்போர்வைக்கு அடியிலேயே ஓடிச் சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் இறவாரத்துக்கு வந்துசேர்கிறது. அங்கே கீழே அறை இல்லை, வெப்பம் இல்லை, ஆகவே உறைந்து கட்டியாகிறது. நாளடைவில் அந்தக் கட்டி ஓர் அணைக்கரைபோல் உயர, பின்னால் குளமாகத் தேங்கும் நீர் ஓடுகளின் அடியில் மேல்நோக்கிப் புகுந்து சுவருக்குள் இறங்குகிறது. மழைநீர் மேலிருந்து கீழே வழியும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். நீர் கீழிருந்து மேலே ஏறினால் அந்த அடுக்குமுறைக்குப் பொருளே இல்லை. அதனால்தான் கனடாவின் கட்டட விதிகள் ஓட்டுக்கு அடியில் இறவாரத்திலிருந்து குறைந்தது 90 சென்டிமீட்டர் வரையும், உட்சுவரைத் தாண்டி 30 சென்டிமீட்டர் உள்ளே வரையும் நீர் புகாத படலம் ஒன்றைப் போடச் சொல்கின்றன. இவ்வளவையும் சம்பந்தி தம் வீட்டுக் கூடத்தில் சொட்டிய நீரை நினைத்து ஆற்றாமையோடு சொன்னார்.

இந்தப் பனியணை எங்களுக்கு உண்டா என்றால், அதே வடிவில் இல்லை. இங்கே பனி மாதக்கணக்கில் கிடப்பதில்லை. ஆனால் இரவில் ஐந்து பாகை, ஆறு பாகை சுழியத்துக்குக் கீழே இறங்கும் அதே நாளில், பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பகலில் உருகுவது இரவில் உறைகிறது, மறுநாள் மீண்டும் உருகுகிறது. நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பெருக்கிறது. கட்டரின் மூலைப் பொருத்தில், திருகாணியின் துளையில், காரைப்பூச்சின் விரிசலில் புகுந்த ஒரு துளி இரவில் உளியாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் இரண்டாம் இரவில் கட்டர் முழுவதும் ஒரே பனிக்கட்டியாக உறைந்து, தன் பாரத்தால் கொக்கிகளைப் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. காரணத்தைத் தேடிப்போனால், கீழிறங்கும் குழாயின் வாயில் போன இலையுதிர் காலத்துச் சருகுகள் உருண்டையாக அடைத்திருந்தன. சம்பந்திக்கு வெப்பம் பகை, எங்களுக்குச் சருகு பகை.

ஜூலு மொழியில் பனிக்கும் பனிக்கட்டிக்கும் இக்வா என்ற ஒரே சொல்தான். நம்மிடமும் பனி என்ற ஒன்றே மார்கழிப் புல்லின் ஈரம் முதல் இமயத்தின் வெண்மை வரை எல்லாவற்றுக்கும் வருகிறது. கூரைக்கு மேல் நிற்கிறவருக்கு மட்டும் வெண்பனி வேறு, உறைபனி வேறு, பனிக்கட்டி வேறு. முதலாவது அழுத்தும், இரண்டாவது வழுக்கும், மூன்றாவது பிளக்கும்.

சீலிங்குக்கு மேலே இருக்கும் இருட்டறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் நாங்கள் ஆண்டுக்கணக்கில் ஏமாந்தது அங்கேதான். வந்த முதல் குளிர்காலத்திலிருந்தே, மழையே இல்லாத காலைகளில் படுக்கையறைச் சீலிங்கில் ஈரக்கறை தோன்றும். தகட்டில் ஓட்டை என்று நினைத்து இரண்டு முறை பணம் செலவழித்துத் தாரும் பூச்சும் பூசினோம். உண்மையில் கூரையில் ஓட்டையே இல்லை. சமையலறைப் புகையை இழுக்கும் விசிறியின் குழாயை, முன்பு வேலை செய்தவர் வெளியே கொண்டுபோகாமல் கூரைக்குள்ளேயே விட்டிருந்தார். இட்டலிப் பானையின் ஆவியெல்லாம் மேலே போய்க் குளிர்ந்த தகட்டின் அடிப்புறத்தில் உறைபனியாகப் படிந்து, காலை வெயிலில் உருகிச் சீலிங்கின் மேல் சொட்டியிருக்கிறது. உறைபனி விழுந்த காலையில் கறை வந்து, மழை பெய்த நாளில் வராவிட்டால், அது ஒழுக்கு அல்ல, வியர்வை என்று அறிந்துகொள்ளலாம். குழாயைக் கூரைக்கு வெளியே எடுத்த அன்றோடு கறை நின்றது.

இந்த நாட்டின் வழக்கப்படி எங்கள் கீசரும் அந்த இருட்டறையில்தான் படுத்திருக்கிறது. அதன் வெப்பம், ஏறிப்போகும் சிறு கதவின் இடுக்கு, சீலிங்கில் பதித்த விளக்குகளின் துளைகள் ஆகியவை சேர்ந்துதான் மேற்கூரையைச் சூடாக்குகின்றன. கதவுக்கு ரப்பர் ஓரம் ஒட்டினோம். கீசருக்குப் போர்வையும் குழாய்களுக்கு உறையும் போட்டோம். சீலிங்கின் மேல் 135 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிப் பஞ்சை விரித்தோம். விரிக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். இறவாரத்தை ஒட்டிக் காற்று உள்ளே வரும் வழியைப் பஞ்சால் அடைத்துவிடக் கூடாது. முகட்டில் அது வெளியேறவும் வழி வேண்டும், அப்போதுதான் உள்ளே ஈரம் தங்காது. பதித்த விளக்குகளின் மேல் பஞ்சைப் போடவும் கூடாது, வெப்பம் வெளியேற முடியாமல் தீப்பிடிக்கும். 2011க்குப் பிறகு கட்டப்படும் வீடுகளில் ஆற்றல் சிக்கன விதிகளின்படி கூரைக் காப்பு இருக்க வேண்டும். எங்களுடையதைப் போன்ற பழைய வீடுகளில் வாங்குகிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

சம்பந்தி சொன்னதில் ஒன்றை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை. பனியணை கட்டிவிட்டால், பழைய காலுறைக்குள் கால்சியம் குளோரைடு உப்பைக் கட்டி அணைக்குக் குறுக்காகப் போட்டால், அது உருகி நீருக்கு வாய்க்கால் வெட்டிக்கொடுக்கும் என்றார். சாதாரணச் சமையல் உப்பைப் போடக் கூடாது என்றும் எச்சரித்தார். அங்கே அது சரி. இங்கே கூரையில் விழும் நீர், மழைநீர் சேமிக்கும் ஜோஜோ தொட்டிக்குப் போகிறது. அதைத்தான் வடிகட்டிக் குடிக்கிறோம். எந்த உப்பானாலும் தகரத்தின் துத்தநாகப் பூச்சை அரிக்கும், தொட்டியையும் கெடுக்கும். கூரை ஓரத்தில் வளைத்து வளைத்துப் பதிக்கும் மின்வெப்பக் கம்பியும் எனக்கு உடன்பாடில்லை. ஈரப்பனி விழுந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் அறுவது மின்கம்பிதான். வேண்டிய நேரத்தில் மின்சாரம் இல்லாத கருவிக்கு ஏன் பணம் போட வேண்டும்?

வராந்தாவை ஜனவரியில் மீண்டும் கட்டினோம். பாபா அதன் சரிவை 5 பாகையிலிருந்து 15 பாகைக்கு உயர்த்தினார். கைமரங்களை நெருக்கி, அவற்றுக்குக் குறுக்கே போகும் சட்டங்களைத் தடிமனாக்கி, சுவரோரத்தில் ஆணிகளை மட்டும் நம்பியிருந்த உத்திரத்தை இரும்புத் தாங்கிகளில் உட்காரவைத்தார். அதைவிட முக்கியமான வேலை மேற்கூரையில் நடந்தது. வராந்தாவுக்கும் பின்கதவுக்கும் நேர்மேலே, எல் வடிவ இரும்புச் சட்டங்களை இரண்டு வரிசையாகப் பொருத்தியிருக்கிறார். பனி ஒரே பாளமாக வழுக்காமல் அங்கேயே பிடிபட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உருகி வடியும். குளிர்நாடுகளில் இதைக் கடையிலேயே வாங்கலாம். இங்கே பட்டறையில் செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தச் சட்டத்தைத் தகட்டில் மட்டும் திருகினால் பனி தகட்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும். திருகு உள்ளே இருக்கும் மரச்சட்டம் வரை இறங்க வேண்டும். அதோடு, அங்கே தங்கும் பனியின் பாரத்தை மேற்கூரை தாங்குமா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுடையது பழங்காலத்துக் கனத்த மரம், தாங்கும் என்றார். வெளியாரின் கூரைக்கு அவர் சொல் பொருந்தாது, ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுவது நல்லது.

கட்டரையும் தாழ்த்திப் பொருத்தினார். கூரையின் சரிவுக் கோட்டை அப்படியே வெளியே நீட்டினால், கட்டரின் வெளிவிளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் வழுக்கிவரும் பனி கட்டரை இடித்துப் பெயர்க்காமல் மேலாகத் தாவி விழும். கொக்கிகளின் இடைவெளியைப் பாதியாகக் குறைத்தார். பழைய திருகாணிகளின் ரப்பர் வளையங்கள் வெயிலில் காய்ந்து பொடியாகியிருந்தன. அவற்றை மாற்ற இரண்டு நாள் ஆயின. நெளிதகட்டில் திருகாணி மேட்டில்தான் போக வேண்டும், நீரோடும் பள்ளத்தில் போடக் கூடாது என்பது நம்மூர்த் தகரக்காரர்களுக்கும் தெரிந்ததே. வீட்டை ஒட்டி நின்ற பாப்ளார் மரத்தின் கிளைகளையும் வெட்டிவிட்டோம். புரட்டாசியில் துளிர் வந்துவிட்ட கிளைகள் ஈரப்பனியை அதிகமாகப் பிடித்து முறிகின்றன.

தோட்டத்து மூலையில் இருக்கும் கொட்டகையின் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ். இந்த நாட்டில் ஆஸ்பெஸ்டாஸைத் தயாரிப்பதும் விற்பதும் 2008இல் தடைசெய்யப்பட்டாலும், பழைய கூரைகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அதன் மேல் பனி கிடந்தால் கிடக்கட்டும். சுரண்டினால் இழைகள் கிளம்பும். ஏறினால் முறிந்து ஆளோடு உள்ளே விழும். நாங்கள் கொட்டகைக்குள் போவதை மட்டும் நிறுத்திக்கொள்கிறோம்.

பனி விழுந்துகொண்டிருக்கும் நாளில் செய்யக்கூடியது மிகக் குறைவு. கூரையின் மேல் ஏறுவது முட்டாள்தனம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஈரப்பனி படிந்த தகரத்தில் எந்தச் செருப்பும் நிற்காது. தரையில் நின்றபடியே இழுக்க, நீண்ட அலுமினியக் கழியின் முனையில் பலகை பொருத்திய ஒரு தள்ளுகட்டையைச் செய்து வைத்திருக்கிறோம். சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். தகட்டைச் சுரண்டாமல் ஒரு கையளவு பனியை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் வழித்துவிட்டு மறுபக்கத்தை நிறைத்து வைத்தால் பாரம் கோணலாகும் என்பதால் இருபுறமும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். மின்கம்பி வரும் பக்கத்தில் அலுமினியக் கழியைத் தூக்கவே கூடாது. விழும் பனிக்கு நேர்கீழே நிற்கவும் கூடாது. வெந்நீர் ஊற்றலாமே என்று சிலர் கேட்டார்கள். ஊற்றினால் அது சற்றுக் கீழே போய் இன்னும் தடித்த பனிக்கட்டியாக உறையும். உள்ளே, அதுவரை நன்றாகச் சாத்திக்கொண்டிருந்த கதவு திடீரென்று இடித்தாலோ, சீலிங்கில் புது விரிசல் ஓடினாலோ, மரம் முனகினாலோ, சாமானைப் பற்றி யோசிக்காமல் அந்தப் பகுதியை விட்டு வெளியேற வேண்டும். அன்று அந்த முனகலை நான் ஓசை என்று மட்டும் கேட்டேன். என் கணவர் அதை எச்சரிக்கையாகக் கேட்டார்.

காப்பீட்டைப் பற்றி ஒரு பத்தி போதும். எங்கள் கோரிக்கையில் வராந்தாவுக்குப் பணம் வந்தது; கட்டருக்கு வரவில்லை. பராமரிப்புக் குறைவால் ஏற்பட்ட சேதம் என்று கடிதம் வந்தது. கோபம் வந்தாலும், அடைத்துக் கிடந்த சருகு உருண்டையை நானே கையால் எடுத்தவள் என்பதால் எதிர்த்து எழுத மனம் வரவில்லை. இப்போது ஒவ்வொரு சித்திரையிலும் கட்டரைச் சுத்தம் செய்த பின் தேதியோடு படமெடுத்து வைக்க முடிவு செய்திருக்கிறோம்.

இந்தச் சித்திரையின் படங்கள் எடுத்தாயிற்று. மீதமிருப்பது புகைபோக்கி. கூரையைத் துளைத்து அது மேலேறும் இடத்தில், முகட்டுப் பக்கமாகத்தான் பனி வந்து தேங்குகிறது; அங்கே நீரை இருபுறமும் பிரித்துவிடும் சிறிய மேடு ஒன்றை மரத்தால் கட்டி, அதன் மேல் ஈயத் தகட்டை மடித்துச் சுவருக்குள் செருக வேண்டும் என்று பாபா சொல்லியிருக்கிறார். வரும் சனிக்கிழமை வருகிறார். தகடு இங்கே கிடைக்கவில்லை. நாளைக் காலை நானும் என் கணவரும் ஹாரிஸ்மித் போய் வாங்கிக்கொண்டு, இருட்டிவிட்டால் அங்கேயே ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் திரும்புவோம்.